அடுத்த கொல்லைக் குதிரை இளைத்தால்

குரும்பலூரில் ஒரு மாடு இளைத்தால் போகிற வருகிற பத்துப் பேர் நின்று கேட்பார்கள். "என்னப்பா, தீனி எடுக்கலையா? குடற்புழு மருந்து கொடுத்தியா?" என்று ஆளுக்கொரு யோசனை வரும். குதிரைக்கு இந்தக் கேள்வி வருவதில்லை. பெரம்பலூர்–துறையூர் சாலையை ஒட்டிய ஒரு கொல்லையில், மக்காச்சோளத் தட்டைக்கு நடுவே, முளைக்குச்சியில் கட்டிய குதிரை ஒன்று விலா தெரிய நின்றாலும், 'குதிரை இப்படித்தான் இருக்குமோ என்னவோ' என்று கடந்துவிடுகிறோம். பார்ப்பவர்களுக்குப் பழக்கமில்லாத பிராணி அது. அதனால்தான் அதன் பட்டினி ஊரார் கண்ணெதிரே மாதக்கணக்கில் நீடிக்க முடிகிறது.

நம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களில் கல்யாண ஊர்வலத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. வண்டிப் பந்தயத்துக்கு வளர்ப்பவர்கள் உண்டு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் போய், அழகில் மயங்கி ஒன்றைப் பிடித்து வந்தவர்களும் உண்டு. குதிரையைத் துன்புறுத்த வேண்டும் என்று நினைத்து வாங்குபவர் யாருமில்லை. தீனிச் செலவு தெரியாமல் வாங்குவது, சவாரி குறைந்ததும் கவனிப்பும் குறைவது, பிள்ளைகள் வெளியூர் போனபின் பார்க்க ஆளில்லாமல் போவது ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கேடு தொடங்குகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். உங்கள் புகாரின் நோக்கம் குதிரைக்குத் தீனியும் மருந்தும் கிடைப்பது. உரிமையாளரைக் கூண்டில் ஏற்றுவது வேறு வழியில்லாதபோது செய்வது.

எதைப் பார்க்க வேண்டும்

வயிற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெறும் வைக்கோல் தின்னும் குதிரைக்கும் குடற்புழு மண்டிய குதிரைக்கும் வயிறு உப்பித்தான் இருக்கும். முதுகைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள குதிரையின் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவினால் தட்டுப்படும். பந்தயக் குதிரைக்கு விலா லேசாகத் தெரிந்தாலும் குற்றமில்லை. முதுகெலும்பு வரப்பாக எழுந்து நின்றால், இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்தினால், வாலடியில் குழி விழுந்திருந்தால், கழுத்து தசை வற்றிப் பலகையாகத் தெரிந்தால் அது பட்டினியின் அடையாளம், அல்லது நோயின் அடையாளம். அமெரிக்காவின் டெக்சாஸில் ஹென்னெக் என்பவர் 1983-ல் வகுத்த அளவுகோலை உலகெங்கும் குதிரை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கழுத்து, திமில் மேடு, தோளின் பின்பக்கம், விலா, இடுப்பு முதுகு, வாலடி என்று ஆறு இடங்களைப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 4 முதல் 6 வரை நல்ல நிலை. 1, 2 என்றால் அந்தக் குதிரைக்கு அன்றே மருத்துவர் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். சாதாரண நாளில் ஒரு குதிரைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தேவை. சித்திரை, வைகாசி வெயிலில் வேலையும் வாங்கினால் அதைவிட மிக அதிகமாகக் குடிக்கும். பிளாஸ்டிக் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர் என்று வைத்தால், காலையில் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போவது போதாது என்பது கணக்கிலேயே தெரியும். தொட்டி காய்ந்து கிடக்கிறதா, பாசி பிடித்திருக்கிறதா, கட்டிய கயிறு தொட்டி வரை எட்டுகிறதா என்று பாருங்கள். கயிறு எட்டாத தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தும் பயனில்லை.

தீனியில் நம் வட்டாரத்துக்கே உரிய இரண்டு ஆபத்துகள் உண்டு. இரண்டும் கொடுமை என்ற எண்ணமே இல்லாமல் நடப்பவை என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போனது. மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை மாடு தின்று தாங்கிவிடலாம், குதிரை தாங்காது. அந்தப் பூசணத்திலிருந்து உண்டாகும் நச்சு குதிரையின் மூளையைச் சிதைக்கும். தள்ளாடும், பார்வை மங்கும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், சில நாளில் இறக்கும். வெங்காயமும் அப்படித்தான். பட்டறையில் கழித்துக் கொட்டிய வெங்காயத்தையும் தாளையும் தொடர்ந்து தின்றால் குதிரையின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை வரும். ஆட்டுக்குப் போடுகிறோமே என்று குதிரைக்கும் போடுபவரைப் பார்த்தால் புகார் எழுதாதீர்கள், உடனே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே குதிரை பிழைக்கும்.

எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு உலர்தீனி நாளொன்றுக்கு வேண்டும் என்பது பொது விதி. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 5 கிலோ. அதில் பெரும்பகுதி புல்லும் தட்டையுமாக இருக்க வேண்டும். கொள்ளு அதற்கு மேல்தான்.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். பழைய கால ராஜா செருப்பின் மூக்கைப் போல நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால் மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை என்று பொருள். இது ஒருவகையில் நல்ல சாட்சி, ஏனென்றால் 'நேற்றுதான் இப்படி ஆனது' என்று யாரும் சொல்ல முடியாது.

புண்களை இடம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாயோரம் கடிவாளப் புண், திமில் மேட்டில் சேணப் புண், முன்னங்காலில் தளைக்கயிறு அறுத்த புண் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தவறைக் காட்டும். கொள்ளென்றால் வாய் திறந்து கடிவாளமென்றால் மூடுகிறது என்று குதிரையைப் பழிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. கடிவாளத்தைக் கண்டு வாயை மூடும் குதிரையின் வாய்க்குள் ஒருமுறை பார்ப்பது நல்லது. முள்ளும் முண்டும் வைத்த கடிவாளம் சட்டப்படியே தடை செய்யப்பட்டது. முதுகில் வெள்ளை முடித் திட்டு இருந்தால் அது ஆறிய பழைய புண்ணின் தழும்பு. இப்போதைய உரிமையாளரின் வேலையாக இல்லாமலும் இருக்கலாம்.

கேடு போலத் தெரிந்தும் கேடு அல்லாதவையும் உண்டு. நின்றபடி தூங்குவது குதிரையின் இயல்பு. வெயிலில் சிறிது நேரம் படுத்துக் கிடப்பதும், மண்ணில் ஒருமுறை புரண்டு எழுந்து உதறுவதும் அப்படியே. கண்ணுக்கு வலைத்துணி கட்டியிருந்தால் ஈக்காக. இருபத்தைந்து வயதைத் தொட்ட குதிரை பல் தேய்ந்து, நல்ல தீனி போட்டும் இளைத்துப்போகும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது 'சர்ரா' என்னும் நோய். உண்ணி அல்ல, பெரிய கடி ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோய் இது. விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், எவ்வளவு தின்றாலும் உருகிப்போகும் உடம்பு. வெளியிலிருந்து பார்த்தால் பட்டினி போலவே தெரியும். இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியவரும். இதனால்தான் காவல் நிலையத்துக்கு முன் கால்நடை மருத்துவரிடம் போங்கள் என்று இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மூக்கில் சீழ் வடியும், தோலில் முடிச்சு முடிச்சாகப் புண் வரும் குதிரையைத் தொடாதீர்கள். 'கிளாண்டர்ஸ்' மனிதருக்கும் தொற்றும் உயிர்க்கொல்லி நோய். தூர நின்று மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

முதலில் பேசிப் பாருங்கள்

அண்டைக் கொல்லைக்காரருடன் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். வாய்க்கால், வரப்பு, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றிலும் அவரோடு ஒட்டித்தான் வாழ்கிறோம். ஆகவே பேச்சு குற்றச்சாட்டாக ஆரம்பிக்கக் கூடாது. "என்னண்ணே, குதிரை ரொம்ப எளச்சிருச்சே, ஒடம்புக்கு ஏதும் நோவா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே மனம்விட்டுச் சொல்லிவிடுவார்கள். தீனி வாங்கக் காசில்லை, மகன் திருப்பூர் போய்விட்டான், விற்கப் பார்க்கிறேன் ஆள் கிடைக்கவில்லை என்று காரணம் வரும். அப்போது சோளத்தட்டை ஒரு கட்டுக் கொடுப்பதும், 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைப்பதும் எந்த மனுவையும் விட வேகமாக வேலை செய்யும்.

ஆனால் பட்டினி கிடந்த குதிரைக்கு இரக்கப்பட்டு ஒரு படி கொள்ளோ தவிடோ வைத்துவிடாதீர்கள். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்று சாகும். புல், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பல தடவை, மருத்துவர் சொன்ன அளவில் கொடுப்பதே சரி.

"ஜல்லிக்கட்டை நிறுத்தப் பார்த்தவங்க மாதிரி பேசுறியே" என்ற பதில் வரலாம். நம் மாவட்டத்தில் பிராணி நலன் என்ற சொல்லைக் கேட்டாலே இந்தச் சந்தேகம் எழுகிறது. எழுவதற்குக் காரணமும் உண்டு. பொறுமையாகச் சொல்லுங்கள். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும், அதை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றதும் காளைகள் பங்கேற்கும் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா போன்றவற்றுக்கு உரியவை. கட்டிப்போட்ட குதிரையைப் பட்டினி போடுவதற்கு அந்தத் திருத்தத்தில் இடமில்லை. காளையைப் பிள்ளையாக வளர்ப்பவர்கள்தான் இதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

பேசியும் பயனில்லை என்றால், அல்லது பேசவே அஞ்ச வேண்டிய ஆள் என்றால், குறிப்பெடுக்கத் தொடங்குங்கள். தேதி, நேரம், தொட்டியில் தண்ணீர் இருந்ததா, தீனி இருந்ததா, குதிரை எப்படி நின்றது என்று எழுதுங்கள். 'கொடுமைப்படுத்துகிறார்' என்று எழுதாதீர்கள். 'மூன்று நாளும் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் தொட்டி காலியாக இருந்தது' என்று எழுதுங்கள். படத்தைப் பொதுச் சாலையிலிருந்தோ உங்கள் கொல்லையிலிருந்தோ எடுங்கள். அவர் வேலிக்குள் இறங்கினால் அத்துமீறல் வழக்கு உங்கள் மேல் திரும்பும், குதிரையின் பேச்சு அதில் அடிபட்டுப் போகும். வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு போட்டுப் பரப்புவதையும் தவிர்க்க வேண்டும். அவமானப்பட்டவர் முதலில் செய்வது குதிரையை இரவோடிரவாக வேறு ஊருக்கு ஓட்டிவிடுவது.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம்தான் அடிப்படை. அதன் 3-வது பிரிவு பராமரிப்பில் வைத்திருப்பவரின் கடமையைச் சொல்கிறது. 11-வது பிரிவு குற்றங்களை வரிசைப்படுத்துகிறது. அடிப்பது, அளவுமீறி ஓட்டுவது, பாரம் ஏற்றுவது, புண்ணோ நோயோ உள்ள பிராணியிடம் வேலை வாங்குவது, குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பது, போதிய தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காதது, கைவிட்டுவிடுவது எல்லாமே அதில் உண்டு. கைவிடுவதும் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. உதகையில் சவாரிக்குப் பயன்படாத குதிரைகளைச் சாலையில் விட்டுவிடுவதும், அவை குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக்கைத் தின்று திரிவதும் நகராட்சிக்குப் பல ஆண்டுத் தலைவலி.

வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கு 1965-ல் தனி விதிகள் வந்தன. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவேளை இல்லாமல் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓட்டவே கூடாது. பெரம்பலூர்க் கோடையில் இந்தக் கடைசி விதி எத்தனை நாளுக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதிய முகூர்த்த ஊர்வலத்துக்குக் குதிரை பேசுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு.

இனி சட்டத்தின் பலவீனம். இதை மறைத்தால் நீங்கள் காவல் நிலையத்தில் திகைத்து நிற்பீர்கள். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-ல் எழுதிய தொகை இது. பட்டினி போடுவது, அடிப்பது போன்றவை காவல்துறை நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றங்கள் அல்ல. உறுப்பைச் சிதைப்பது, கொடூரமாகக் கொல்வது போன்ற சிலவற்றுக்கே அந்த அதிகாரம் உண்டு. எனவே "இதுக்கெல்லாம் எஃப்ஐஆர் போட முடியாது" என்று நிலைய எழுத்தர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். அவரிடம் இரண்டைக் கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 174-வது பிரிவின்படி புகாரைப் பதிந்து நீதித்துறை நடுவரிடம் அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. வதைத் தடுப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு மற்றொன்று. அதன்படி காவலருக்கு மேற்பட்ட எந்தக் காவல் அதிகாரியும், குற்றம் நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், பிராணியைக் கைப்பற்றி நடுவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். ஆளைப் பிடிக்க முடியாவிட்டாலும் குதிரையைக் காக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. மருத்துவரின் சான்று உங்கள் கையில் இருந்தால் 'நம்பக் காரணம்' அங்கேயே முடிந்துவிடும்.

மேய வந்த குதிரையை அரிவாளால் வெட்டுவது, விஷம் வைப்பது ஆகியவை வேறு கதை. அவற்றுக்குத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, காவல்துறை உடனே வழக்குப் பதியலாம்.

காலக்கெடு ஒன்று உண்டு. வதைத் தடுப்புச் சட்டத்தின் 36-வது பிரிவின்படி, குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். 'பொங்கல் கழியட்டும், திருவிழா முடியட்டும்' என்று ஒத்திப்போட்டால் உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கங்கள் செல்லாமல் போகும்.

மனுவை எப்படி எழுதுவது

முதல் மனு உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவருக்கு. நகல்கள் பெரம்பலூரில் உள்ள கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநருக்கும் காவல் ஆய்வாளருக்கும். ஒரு வாரத்தில் யாரும் வராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுங்கள். 2001-ம் ஆண்டு விதிகளின்படி மாவட்டந்தோறும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும். அதற்கு அனுப்புமாறு மனுவிலேயே கேளுங்கள். 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணிலும் பதியலாம். எங்கு கொடுத்தாலும் ரசீது வாங்காமல் வராதீர்கள். தனியாகக் கையெழுத்திட அச்சமாக இருந்தால் மூன்று நான்கு பேர் சேர்ந்து எழுதுங்கள், அதற்கு எடையும் கூடும்.

மனுவின் உடல் இந்த அளவில் இருந்தால் போதும்:

'ஐயா/அம்மா, குரும்பலூர் பேரூராட்சி, ........ பகுதியில், ........ சாலையின் கிழக்கே உள்ள கொல்லையில் பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்று கட்டப்பட்டுள்ளது. ........ முதல் ........ வரை நான் பார்த்த நாட்களில் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் வெளியே தெரிகின்றன. முன்னங்கால்களில் கயிற்றுப் புண் உள்ளது. சாலையிலிருந்து எடுத்த படங்களைத் தேதியுடன் இணைத்துள்ளேன். ........ அன்று உரிமையாளரிடம் பேசினேன். நிலை மாறவில்லை. குதிரையை நேரில் பரிசோதித்து, நோயா தீனிக் குறைவா என்று கண்டறிந்து, சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.'

உங்கள் கோபத்துக்கு அதில் இடம் வேண்டாம். பழைய வரப்புத் தகராறு ஏதும் இருந்தால் அதை இழுக்கவே வேண்டாம். இழுத்தால் அதிகாரி படிப்பது அந்த வரியை மட்டும்தான்.

சில நிலைமைகளில் மனு எழுத நேரமில்லை. விழுந்து எழ முடியாமல் கிடப்பது, வியர்வை கொட்டத் திரும்பத் திரும்பப் புரண்டு வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, தாடை இறுகிக் கால் விறைப்பது, இரத்தம் நிற்காமல் ஓடுவது, கால் முறிவது. அப்போது 1962-க்கும் 112-க்கும் அழையுங்கள். குதிரையின் கால் முறிவு மாட்டுக்கு வருவது போன்றதல்ல. 2016 மார்ச் 14 அன்று டேராடூனில் ஒரு போராட்டத்தின்போது உத்தராகண்ட் காவல்துறையின் குதிரை சக்திமானுக்குக் கால் முறிந்தது. நாடே கவனித்தது, காலை அகற்றினார்கள், செயற்கைக் கால் பொருத்தினார்கள். இருந்தும் ஏப்ரல் 20 அன்று அது இறந்தது. அவ்வளவு வசதி கிடைத்த குதிரைக்கே அந்த நிலை என்றால், முறிந்த காலோடு கொல்லையில் ஓர் இரவு கிடப்பதை யாரும் அனுமதிக்கக் கூடாது. பிழைக்க வழியில்லாத பிராணியை, உரிமையாளர் இல்லாதபோதோ மறுத்தபோதோ, மருத்துவர் சான்றின் பேரில் வேதனையிலிருந்து விடுவிக்க வதைத் தடுப்புச் சட்டத்தின் 13-வது பிரிவு வழி செய்கிறது.

கைப்பற்றிய பிறகு

காவல் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி "பிடிச்சா எங்க கட்டுறது?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. நம் மாவட்டத்தில் மாட்டுக்குப் பட்டி கிடைக்கும், குதிரைக்கு எளிதில் கிடைக்காது. பல புகார்கள் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன. ஆகவே மனுவோடு இதையும் யோசித்துவிட்டுப் போங்கள். வேலியும் நிழலும் தீவனமும் உள்ள, குதிரை பழகிய ஒருவர் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி இணையுங்கள். யாரிடம் ஒப்படைப்பது என்பது நடுவரின் முடிவு. வழக்கில் உள்ள பிராணிகளின் பராமரிப்புக்கு 2017-ல் வந்த விதிகள், செலவை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க வகை செய்கின்றன. சிக்கலான நோய் என்றால் தலைவாசலிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மருந்தக மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலான நேரம் குதிரை உரிமையாளரிடமே திரும்பும், அல்லது கொல்லையை விட்டே போயிருக்காது. மருத்துவர் வந்து எச்சரித்துவிட்டுப் போன பிறகு பத்துப் பதினைந்து நாள் தொட்டி நிறைந்திருக்கும், பிறகு மீண்டும் காயும். குறிப்பேட்டை மூடாதீர்கள். வாரம் ஒருமுறை அதே இடத்திலிருந்து, அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இளைத்த குதிரை தேற மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முதல் மாதத்திலேயே மாற்றம் தெரியவில்லை என்று மறுபடி சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு மாதம் கழித்தும் முதுகெலும்பு அப்படியே துருத்திக்கொண்டிருந்தால், முதல் மனுவின் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவது மனுவை எழுதுங்கள். இந்தத் தடவை படங்களை வரிசையாக இணையுங்கள்.